பூஜ்யத்திலிருந்து பத்து வரை

சோமனூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தறிச் சத்தம் காதில் விழாது. கரண்ட் போய் ஊர் மொத்தமும் நின்றால்தான், இத்தனை நேரம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது என்றே உறைக்கும். எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் தறி குடோனுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அப்பா கூலிக்குக் காடா துணி ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஊடை நூலைத் தாரில் சுற்றுவதும், தீர்ந்த தாரை எடுத்துவிட்டு நாடாவில் புதுத் தார் மாட்டுவதும், அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சுப் போடுவதும் என் வேலை. நாடா நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் அடிபட்டு ஓடும். குடோனுக்குள் 100 டெசிபலை ஒட்டிச் சத்தம் இருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சம் என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. சத்தத்தால் காது போவது தொழில் நோய் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய நாலு தறிக்கு யார் வந்து டெசிபல் பார்ப்பார்கள்? நாங்கள் உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டோம். இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கல்யாணப் பந்தியில் அந்தக் கோடியில் நிற்பவரிடம் வாயசைத்தே ரசம் வாங்கிவிடுவார்கள்.

நான் தறிக்குப் போகவில்லை. இயற்பியல் படித்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு இடது காதில் ஒரு கீச்சுச் சத்தம் குடியேறியது. பழைய டப்பா டிவியில் படம் வராமல் திரை மட்டும் வெளுத்து நிற்கும்போது சன்னமாக ஒன்று கேட்குமே, அது. பகலில் வகுப்பில் நிற்கும்போது தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்ததும் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. எப்போதிலிருந்து நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

என் மனைவி ஒருநாள் என் காதோடு தன் காதை ஒட்டி வைத்துக் கேட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றாள். அவளுக்கு என்மேல் சந்தேகம் எல்லாம் இல்லை. ஆனால் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளிடம், அளந்து காட்டு, இன்னொருவன் வந்து அளந்தாலும் அதே விடை வர வேண்டும் என்று சொல்லி வந்தவன் நான். என் காதில் கேட்பதை இன்னொருவன் வந்து அளக்க வழியில்லை.

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் கேள்விப்பட்டதும் எனக்கு வாழ்த்துச் சொன்னார். யோகத்தில் முன்னேறினவர்களுக்கு உடம்புக்குள்ளேயே பத்து வகை நாதம் கேட்கும் என்று திருமந்திரத்தில் வருகிறதாம். மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். "உங்களுக்கு வண்டு வரைக்கும் வந்தாச்சு சார், கொடுத்து வெச்சவரு" என்றார். அவர் கேலி செய்தாரா, மெய்யாகவே சொன்னாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த சில நாள் ராத்திரி, இது வண்டா தும்பியா என்று கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கவனித்ததில் சத்தம் கூடியதுதான் மிச்சம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் ஆடியோகிராம் எடுத்துவரச் சொன்னார். கோடு 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்காக வந்து 4000-த்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தில் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம் என்றார். எங்கள் ஊரில் யாருக்கு எடுத்தாலும் அந்தப் பள்ளம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் பெண் ஹெட்போனில் ஒவ்வொரு சுருதியாகப் போட்டு, "உங்க சத்தம் இதுவா சார், இல்ல இதுவா?" என்று கேட்டுக்கொண்டே போனார். 6000 ஹெர்ட்ஸில் பொருந்தியது. அடுத்து அதன் வலிமையைப் பொருத்தினார். எனக்கு அந்தச் சுருதி கேட்கத் தொடங்கும் அளவுக்கு மேலே வெறும் 5 டெசிபல்.

"அவ்வளவுதானா?"

"பெரும்பாலும் எல்லாருக்கும் பத்துக்குள்ளதான் சார் வரும்."

எனக்கு அவமானமாக இருந்தது. கேட்டும் கேட்காத அளவு. அதற்கா நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மொட்டை மாடியில் நடக்கிறேன்? சத்தத்தின் அளவுக்கும் அது தரும் தொந்தரவுக்கும் சம்பந்தமில்லை என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அதற்குத் தனியாக ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 25 கேள்வி. இரைச்சலால் தூங்க முடியவில்லையா, கோபம் வருகிறதா, வேறு எதிலும் கவனம் செலுத்த முடியவில்லையா என்று போகும். ஆம் என்றால் 4, சில சமயம் என்றால் 2, இல்லை என்றால் 0. மொத்தம் 100. நான் 58 வாங்கினேன். கடுமை என்ற பிரிவு 58-ல்தான் தொடங்குகிறது. பாஸ் மார்க்கின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்குப் பாஸ் போடவா விடவா என்று யோசிப்பதுண்டு; இந்த 58-ஐயும் நான் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கேள்விக்கு "ஆம்" என்பதற்குப் பதில் "சில சமயம்" என்று போட்டிருந்தால் நான் நடுத்தர நோயாளி.

மாத்திரைகள் சாப்பிட்டேன். வைட்டமின், தலைசுற்றலுக்குக் கொடுக்கும் மாத்திரை, கிங்கோ இலைச் சாறு அடைத்த விலை உயர்ந்த ஒன்று. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் கிங்கோ வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். அதே நெறியில், மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுப்பதையும் வழக்கமான சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்றிருந்தது. இதைப் படித்த பிறகுதான் நான் காந்தத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், ஒரு காரணம் தூக்கம் இல்லாதது. இன்னொரு காரணம், அந்த இயந்திரத்தின் உள்ளே இருந்தது ஃபாரடே.

பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் நான் செய்து காட்டும் சோதனை அது. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை வேகமாக நுழைத்தால் கால்வனோமீட்டரின் முள் துள்ளும். காந்தத்தை அசைக்காமல் வைத்திருந்தால் துள்ளாது. மாறுகிற காந்தப்புலம்தான் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-ல் ஃபாரடே கண்டார். மூளை உப்புத் தண்ணீரில் ஊறிய ஒரு கடத்தி. அதன் பக்கத்தில் காந்தப்புலத்தை வேகமாக ஏற்றி இறக்கினால் உள்ளேயும் மின்னோட்டம் பிறக்க வேண்டுமே? 1896-ல் பாரிசில் தார்சொன்வால் என்பவர் தலையைப் பெரிய சுருளுக்குள் நுழைத்துப் பார்த்தார். கண்ணில் ஒளிப்பொறிகள் தெரிந்தன. மூளையை வேண்டிய இடத்தில் தூண்டும் கருவி வர மேலும் தொண்ணூறு வருடம் ஆனது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் மண்டை ஓட்டைத் தொடாமல், வெளியே சுருளை வைத்தே கை தசையை அசைத்துக் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு இதைச் சிகிச்சையாகக் கொடுக்க 2008-ல் அமெரிக்கா அனுமதித்தது. காது இரைச்சலுக்கு அந்த அனுமதி இல்லை.

இரைச்சலுக்கு ஏன் மூளையைத் தொட வேண்டும்? காதுக்குள் இருக்கும் நுண்முடிச் செல்கள் சத்தத்தால் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. 4000, 6000 ஹெர்ட்ஸ் பக்கமிருந்து மூளைக்குப் போக வேண்டிய தகவல் நின்றுபோகிறது. வராத தகவலுக்காக மூளை தன் பெருக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது, அந்தப் பெருக்கத்தில் எழும் சலசலப்புதான் நமக்குக் கேட்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கட்டிக்காகக் காது நரம்பையே வெட்டி எடுத்தவர்களில் பலருக்கும் இரைச்சல் நிற்கவில்லை. ஆக, கீச்சு என் காதில் இல்லை. 2003 வாக்கில் ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க், டூபிங்கன் நகர மருத்துவர்கள் இரைச்சல்காரர்களின் செவிப்புறணியில் காந்தத் துடிப்பைப் பரீட்சித்தார்கள். நொடிக்கு ஒரு துடிப்பு என்று நிதானமாகக் கொடுத்தால், அளவுக்கு மீறி விழித்திருக்கும் நரம்புப் பகுதி அடங்கும் என்பது அவர்கள் கணக்கு.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை மனநலப் பிரிவில் அந்த இயந்திரம் இருந்தது. 2018 காலாண்டு விடுமுறையோடு மருத்துவ விடுப்பையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அங்கே வெளியில் காத்திருந்தவர்கள் எல்லாரும் மனச்சோர்வுக்காக வந்தவர்கள். என் எதிரில் இருந்த பெரியவர், "உங்களுக்கு எத்தன வருசமா சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். காது இரைச்சல் என்றேன். நம்பாத மாதிரி தலையாட்டினார்.

அந்த மனநல டாக்டரை எனக்குப் பிடித்துப்போனது. விற்கிற பேச்சு அவரிடம் இல்லை. இரண்டு ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவில் போர்ட்லாண்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ராபர்ட் ஃபோல்மர் குழு செய்தது, 2015-ல் வெளிவந்தது. 64 பேர். பத்து வேலை நாள், நாளுக்கு 2000 துடிப்பு. பாதிப் பேருக்கு அசல் சுருள். பாதிப் பேருக்கு அதே போலச் சத்தம் மட்டும் எழுப்பும் போலிச் சுருள். அசலில் 32 பேரில் 18 பேருக்குக் குறைந்தது. போலியில் 32 பேரில் 7 பேருக்குக் குறைந்தது. குறைந்தவர்களுக்கு ஆறு மாதம் வரைக்கும் நின்றது. இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடனே இரண்டாவதைச் சொன்னார். ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 146 பேருக்குச் செய்தது, 2017. அதே 2000 துடிப்பு, அதே பத்து அமர்வு. அசலுக்கும் போலிக்கும் வேறுபாடே இல்லை.

"அப்ப நான் எதை நம்பறதுங்க டாக்டர்?"

"ரெண்டையும். செய்யறதும் செய்யாததும் உங்க இஷ்டம். செலவு உங்களுது. வலிப்பு வரக்கூடிய வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, ஆனா உண்டு. தலைக்குள்ள கிளிப்பு, காதுக்குள்ள காக்ளியர் கருவி, நெஞ்சுல பேஸ்மேக்கர் ஏதாவது இருக்கா?"

எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பதினெட்டும் ஏழும் மட்டும் மனதில் தங்கிவிட்டன. முக்கியமாக அந்த ஏழு பேர். காந்தமே இல்லாத சுருளுக்கடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து, குறைந்துவிட்டது என்று சொன்ன ஏழு பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் குறைந்துதான் இருக்கும்.

முதல் நாள் தலைக்கு நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, பேனாவால் குறி போட்டார்கள். முதலில் என் மூளை எவ்வளவுக்கு அசையும் என்று பார்க்க வேண்டும். எட்டு என்ற எண்ணைப் படுக்கப்போட்ட வடிவில் சுருள். அதை இயக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். சுருளை உச்சியிலிருந்து சற்று இடப்பக்கமாக நகர்த்தி நகர்த்தி வைத்து ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்தார். டக். ஒன்றுமில்லை. டக். ஒன்றுமில்லை. டக். என் வலது கட்டை விரல் துள்ளியது.

நான் துள்ளச் சொல்லவில்லை. மடிமேல் கிடந்த விரல் தன்பாட்டுக்குத் துள்ளி விழுந்தது. கால்வனோமீட்டரின் முள்ளை எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். இப்போது முள் நானே. "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றேன். "வலிக்குதா சார்?" "இல்லம்மா, பாக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே போட்டார். மறுபடி துள்ளியது. தோலுக்கு மேலே கிட்டத்தட்ட இரண்டு டெஸ்லா, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் அளவு, ஆனால் ஒரு மில்லி நொடிகூட நீடிக்காது. அந்தக் கணத்துக்குள் சுருளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடி அடங்குகிறது. எங்கள் பள்ளி ஆய்வகத்து ஃபியூஸ் ஐந்து ஆம்பியருக்கே எரிந்துபோகும்.

விரல் துள்ளும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பத்து சதவீதம் மேலே வைத்து, சுருளை இடது காதுக்கு மேலே கொண்டுவந்தார்கள். நொடிக்கு ஒன்றாக 2000. அரை மணிக்குச் சற்று மேல். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சுருளே ஒவ்வொரு துடிப்புக்கும் சுத்தியல் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறது. சத்தத்தால் வந்த நோய்க்குச் சத்தம் போடும் வைத்தியம். பொட்டில் மரங்கொத்தி கொத்துவது போல் இருக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எனக்குத் தாடை சேர்ந்து ஆடியது, பல் லேசாகக் கிட்டியது. அந்தத் தாளம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. தறி ஓட்டம் நிமிடத்துக்கு நூறு, இது அறுபது. வேகம் குறைத்து ஓட்டிய தறி. சில நாள் அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

இடையில் ஒருநாள் டாக்டரிடம் வாத்தியார் புத்தியில் ஒரு கேள்வி கேட்டேன். சுருளின் வலு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும்தான் எட்டும். ஒலி முதலில் வந்து சேரும் புறணியோ பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்து கிடக்கிறது. அங்கே எட்டுமா? நேராக எட்டாமல் இருக்கலாம், மேலே இருக்கும் பகுதியை அசைத்தால் அதனோடு தொடர்புள்ள உள்பகுதியும் அடங்கலாம் என்று எண்ணுகிறார்கள் என்றார். முன்னந்தலையையும் சேர்த்துத் தூண்டிப் பார்த்தவர்கள் உண்டாம். அங்கேதான் தொந்தரவு என்ற உணர்ச்சியின் கணக்கு நடக்கிறது. இப்படிப் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெம்பாக இருந்தது. இந்தத் தெம்பு எந்தப் பக்கக் கணக்கில் சேரும், பதினெட்டிலா ஏழிலா?

குறைந்ததா? குறைந்தது. இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் கீச்சைத் தேடினேன். இருந்தது, ஆனால் தள்ளி இருந்தது. கேள்வித்தாளில் 58 என்பது 44 ஆனது. மனைவி பழனிக்கு நேர்ந்திருந்ததாக அப்போதுதான் சொன்னாள். அதையும் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. பொங்கலை ஒட்டி அதே கேள்வித்தாளை மறுபடி நிரப்பியபோது 50.

தொடக்கத்திலிருந்தே ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருந்தேன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். பூஜ்யம் என்றால் இல்லை. பத்து என்றால் தாங்க முடியாது. அளவுகோலும் நானே, அளக்கப்படும் பொருளும் நானே. ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை எடுக்காத இன்னொரு நான் கிடையாது. பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு சோதனையைப் பதிவேட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனாலும் விடாமல் எழுதினேன். அடுத்த வருடம் இரண்டு காதுக்கும் காது கேட்கும் கருவி வாங்கினேன். வெளிச்சத்தம் உள்ளே போகப் போகக் கீச்சுக்கு இடம் குறைகிறது. இதற்குக் காந்தத்தைவிடச் செலவு அதிகம், புதுமை குறைவு. வெளிச்சத்தமே இல்லாவிட்டால் நல்ல காதும் சும்மா இருப்பதில்லை. 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்று இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. முழு அமைதி யாருக்கும் சரிப்படுவதில்லை போலிருக்கிறது. நானும் ராத்திரி மின்விசிறியை ஒரு பாயிண்ட் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.

போன ஆடிக்குச் சித்தப்பா மகன் வந்திருந்தான். இன்னமும் தறி ஓட்டுகிறான். அவனுக்கும் இரண்டு காதிலும் கொய்யென்று கேட்கிறதாம். "ஏனுங்ண்ணா, மண்டைக்குக் காந்தம் வெச்சீங்களாமே, குறைஞ்சுதுங்களா?" என்றான். நோட்டை எடுத்தேன். எண்களையெல்லாம் வரைபடத் தாளில் கோடாக இழுத்து வைத்திருந்தேன். தேதி எழுதிய கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "எங்க மெஷின் வெச்சேன்னு நீயே சொல்லு பாக்கலாம்" என்றேன்.

துணியில் பழுது தேடும் கண் அவனுக்கு. கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, எல்லாவற்றிலும் தாழ்வாகக் கிடந்த இடத்தில் நிறுத்தினான். "இங்கீங்ண்ணா."

கையை எடுத்தேன். 2019 ஏப்ரல். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். கட்டுக் கட்டாகத் தாள். ஒன்பது மணிக்கு நோட்டைத் திறந்தால் என்ன எண் போடுவது என்றே தெரியாமல் இரண்டு, ஒன்று என்று போட்டுவிட்டுப் படுத்த நாட்கள். காந்தம் வைத்த வாரங்களிலும் கோடு இறங்கித்தான் இருந்தது, ஆனால் இவ்வளவு இல்லை.

"அப்ப நானும் பேப்பர் திருத்தோணுமுங்களா?" என்று சிரித்தான். பிறகு, "சொல்லுங்ண்ணா, நான் காந்தத்துக்குப் போறதா வேண்டாமா?"

முதலில் ஆடியோகிராம் எடு, காது கேட்கும் கருவி போட்டுப் பார், அதற்கப்புறமும் தூக்கம் வரவில்லை, கையில் காசும் இருக்கிறது என்றால் போ, பதினெட்டையும் ஏழையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போ என்றேன். அதைவிட முக்கியம், குடோனுக்குள் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, காதை முழுக்க மூடுகிற மஃப் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். இருக்கிற காதாவது மிஞ்சும்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"மஃபு போட்டுட்டா, பொறத்தால தறியில பாவு அறுந்தா எப்புடீங்ண்ணா தெரியும்? சத்தம் மாறுறத வெச்சுத்தானுங்களே நாங்க திரும்பிப் பாக்கறது?"